மூலைக் காப்பியும் ஒரு ளகரமும்

மார்ச் 3, செவ்வாய்

கைபேசி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டுவிட்டது. நேற்று இருந்த இடத்தில் இன்று எதுவும் இல்லை. விடுமுறை முடிந்து வகுப்புக்குள் போனால் பெஞ்சுகளை யாரோ இடம் மாற்றிப் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. யார் கேட்டார்கள் இவர்களை?

காலையில் மூலைக் காப்பிக்குப் போனேன். பலகையில் வேறு பெயர்தான். தெருமூலையில் இருப்பதால் எல்லோருக்கும் அது மூலைக் காப்பி. நடத்துகிறவளுக்கு நாற்பது வயது இருக்கும். தூளை அவளே வறுத்து அவளே அரைக்கிறாள். இன்று மேசைக்கு மேசை கறுப்புக் கட்டம் போட்ட அட்டை. கைபேசியை அதன்மேல் காட்டி, என்ன வேண்டும் என்பதை அதிலேயே தொட வேண்டுமாம்.

"வாய் இருக்கறப்போ வாயால கேட்டா என்னம்மா?" என்றேன்.

"டீச்சர், உங்க வகுப்புல நாப்பது பேரும் ஒரே நேரத்துல கத்தினா விடுவீங்களா? கை தூக்குன்னுதானே சொல்லுவீங்க? இது கை தூக்கற மாதிரி."

கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். நல்ல உதாரணம்தான். அதுதான் எரிச்சல். என் சரக்கை எனக்கே விற்கிறாள்.

காப்பி வழக்கம்போல். கசப்பு ஒரு பிடி தூக்கல். எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

மார்ச் 4, புதன்

என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். யாரோ அவளுக்கு அனுப்பியது. அப்படியே எழுதி வைக்கிறேன்: "மூளை காப்பி தூளில் கலப்படம் கண்டுபிடிப்பு வாங்காதிர்கள் உடலுக்கு கேடு." ஒரே வரியில் ஐந்து பிழை! ஒற்று மூன்று இடத்தில் இல்லை. "தீ" குறில் ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ளகரம். மூளை தலைக்குள் இருப்பது, மூலை சுவர் சேருமிடத்தில் இருப்பது என்று முப்பத்திரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

பிழையோடு அனுப்பக் கை வரவில்லை. திருத்தி எழுதித் தெருக் குழுவில் போட்டேன்: "மூலைக் காப்பித் தூளில் கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. வாங்காதீர்கள். உடலுக்குக் கேடு." தெருமூலைகளில் விற்பதைப் பொதுவாகச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே.

மார்ச் 5, வியாழன்

காலை எட்டு மணிக்கு மூலைக் காப்பியில் மூன்று பேர். எப்போதும் இடம் பிடிக்கக் காத்து நிற்க வேண்டும்.

எதிர்வீட்டு வங்கிக்காரர்தான் தெருக் குழுவுக்கு நிர்வாகி. வழியில் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை சொன்னீங்க டீச்சர். தினம் நூறு செய்தி வருது, எதை நம்பறது? கைமாத்தி அனுப்பினதுன்னு அம்புக்குறி போட்டு வந்தா நான் படிக்கறதே இல்ல. உங்களோடதுல அம்புக்குறி இல்ல, ஒரு எழுத்துப் பிழை இல்ல. நீங்களே விசாரிச்சு எழுதினதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"நான் அந்தக் கடையைச் சொல்லல" என்றேன்.

"புரியுது, புரியுது. பேர் சொல்லாம சொன்னீங்க" என்று கண்ணைச் சிமிட்டினார்.

பக்கத்துக் காப்பீட்டு அலுவலகத்துக்குக் காலையும் மாலையும் இரண்டிரண்டு பிளாஸ்க் அவள் கடையிலிருந்துதான் போகும். இன்று நிறுத்திவிட்டார்களாம். அவளுக்குப் பாதி வியாபாரம் அதுதான்.

மார்ச் 6, வெள்ளி

கடைக்குப் போகவில்லை. முட்டி வலி என்று வீட்டில் இவரிடம் சொன்னேன். முட்டிக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 7, சனி

மதியம் அவளே வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் அரைக் கிலோ தூள்.

"மோந்து பாருங்க டீச்சர். இதுல கொட்டையைத் தவிர ஒரு தூசி இருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

"உட்காரும்மா."

"உங்கமேல எனக்குக் கோபமே இல்ல. யாரோ எழுதினதை நல்ல மனசுல அனுப்பிட்டீங்க. அந்த யாரோவை எனக்குக் காட்டுங்க, போதும். நேரா போலீசுதான்."

இவர் நாற்காலியில் இருந்தபடியே, "காட்டேன் பாவம். உன் போன்லதானே இருக்கு" என்றார்.

தேடிப் பார்த்து அனுப்புகிறேன் என்றேன். தேட என்ன இருக்கிறது? தொட்டால் வந்து நிற்கும்.

அவள் போனதும் இவர் மூன்றாவது அலைவரிசையில் அதே செய்திகளை மூன்றாம் முறை கேட்டுக்கொண்டிருந்தார். "இங்க பாரு கூத்தை! ஞாபக சக்தி வளரும்னு இணையத்துல மூளைக் காப்பின்னு ஒண்ணு வித்திருக்கான். அதுல கண்ட தூளையும் கலந்து, இப்ப ஆலைக்குச் சீல் வெச்சுட்டாங்க. ஏமாறறவனுக்கு மூளை இருந்தாத்தானே அது வளர!"

திரையில் டப்பாவைக் காட்டினார்கள். கொட்டை எழுத்தில் மூளைக் காப்பி. ளகரம்.

அந்தப் பிழைமலிந்த வரியில் அந்த ஒரு எழுத்து சரியாக இருந்திருக்கிறது. அதைத்தான் நான் திருத்தினேன்.

அடி பாவி. யாரோ எழுதினதில்லடி. நீதான். நீயேதான்.

மார்ச் 8, ஞாயிறு

கணக்கு டீச்சர் அனுப்பியதை அழித்துவிட்டால்? கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். "உங்களுக்கு மட்டும் அழிக்கவா?" என்று கேட்டது. எனக்கு மட்டும்! வேண்டாம் என்று தொட்டு வெளியே வந்தேன்.

அழிக்காமல் அப்படியே காட்டினால் அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அழித்துவிட்டுக் கணக்கு டீச்சர் பெயரை மட்டும் சொன்னால்? பாவம், அவள் அனுப்பியது உண்மையான செய்தி. ஒரு மாணவன் தாளைக் கிழித்துவிட்டு அடுத்த பெஞ்சுக்காரனைக் கை காட்டினால் நான் எந்தக் கணக்கில் சேர்ப்பேன்?

இன்னொரு கேள்வி இருக்கிறது. இங்கேதான் எழுத முடியும். ளகரத்தை லகரம் ஆக்கியபோது இந்தக் கடை நினைவுக்கு வரவே இல்லையா?

வந்தது.

ஒரு நொடிதான். முந்தைய நாள் கடை சிரித்ததும் கூடவே வந்தது. பொதுவாகச் சொல்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பினேன்.

மார்ச் 9, திங்கள்

காலையில் அவளிடமிருந்து செய்தி. "டீச்சர், பதினோரு மணிக்குப் புகார் குடுக்கப் போறேன். உங்களுக்கு அனுப்பினவங்க நம்பர் மட்டும் குடுங்க."

பத்து மணிக்குப் போனேன். கடையில் ஒருவர்கூட இல்லை. இரண்டு செய்தியையும் திறந்து அவள் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"இதுல மூளைன்னு இருக்கு."

"ஆமா."

"உங்களோடதுல மூலை."

"நான் திருத்தினேன்மா. பிழைன்னு நினைச்சு."

"திருத்தினீங்க." கைபேசியைத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். ஈரக் கை பட்டிருந்தது போலிருக்கிறது. "அப்ப நான் யார்மேல புகார் குடுக்கணும்?"

"என்மேல."

வடிகட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். அந்த இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். வாயில் வைத்துக்கொண்டு வீடு திரும்ப முடியாது. அன்று எல்லோரும் சிரித்தது எனக்குக் குத்தியது, அனுப்பும்போது உன் கடை ஒரு நொடி நினைவுக்கு வந்தது என்றேன்.

"கைதூக்கற உதாரணத்துக்கா?" குரல் உடைந்தது. "உங்ககிட்ட பேசிப் பேசித்தானே டீச்சர் எனக்கு அந்த மாதிரி பேச்சே வந்தது!"



முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கடையைப் பூட்டினாள். "போலீசுக்குப் போய் எனக்கு என்ன கிடைக்கும்? நான் கத்தினா ஒருத்தன் நம்ப மாட்டான். நீங்க சொன்னா நம்புவான். வாங்க, ஆபீசுக்குப் போலாம்."

இரண்டு மாடி ஏறினோம். இன்று முட்டி நிஜமாகவே வலித்தது. மேலாளர் இளைஞர், மரியாதையானவர். மூளைக்கும் மூலைக்கும் வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதியே காட்டினேன். "புரியுது மேடம். பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். பெற்றோர்களிடம் நான் சொல்லாத பார்க்கலாமா?

வீட்டுக்கு வந்து தெருக் குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். நாலு முறை எழுதி அழித்தேன். "அங்க என்ன, பரீட்சையா எழுதற? அனுப்பு" என்றார் இவர். அனுப்பினேன். செய்தி வேறொரு பொருளைப் பற்றியது, எழுத்தை மாற்றியது நான், நம் தெருக் கடையின் தூளில் எந்தக் குறையும் இல்லை, கடைக்காரியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன் என்று.

முதல் பதில் வங்கிக்காரரிடமிருந்து: "அப்ப மூலைக் காப்பி குடிக்கலாமா, கூடாதா?"

மூன்று பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். ஒருவர், "டீச்சரை யாரோ மிரட்டி எழுத வெச்சிருக்காங்க" என்று எழுதினார்.

மார்ச் 10, செவ்வாய்

"குடிக்கலாம். நான் குடிக்கிறேன்" என்று பதில் போட்டேன். மிரட்டல் என்று எழுதியவர் வீட்டுக்கு நேரில் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, அவர் வெளியே போயிருக்கிறார் என்றாள். உள்ளே அவர் இருமுவது கேட்டது. அங்கேயே நின்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

காப்பீட்டு அலுவலகத்தில் பொத்தானை அமுக்கினால் காப்பி ஊற்றும் இயந்திரம் வாங்கிவிட்டார்களாம். இவர்தான் கேட்டு வந்து சொன்னார். சொல்லிவிட்டு, நான் கேட்காமலே தொலைக்காட்சியை நிறுத்தினார்.

மார்ச் 15, ஞாயிறு

கடையில் மாலை வியாபாரம் இனி இல்லை. பகல் ஒரு மணிக்கே கதவை இழுத்து மூடிவிடுகிறாள். காலையில் ஏழெட்டுப் பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். வங்கிக்காரரும் வருகிறாராம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே போகத் துணிவில்லை.

மார்ச் 19, வியாழன்

போனேன். "உட்காருங்க" என்றாள். டீச்சர் என்று சேர்க்கவில்லை. அட்டையின்மேல் கைபேசியைக் காட்டிக் காப்பி ஒன்று என்று தொட்டேன். முதல் முறை வரவில்லை. இரண்டாம் முறை வந்தது.

எனக்குப் பின்னால் வந்த இருவருக்குக் கொடுத்த பிறகுதான் என் மேசைக்குக் கொண்டு வந்தாள். சூடாகத்தான் இருந்தது.