வெயிலில் நட, வசந்தா

எப்போதும் கடைசியில் நடந்துவிட்டு, இந்த ஒன்றில் மட்டும் எல்லோரையும் முந்திக்கொண்ட என் மச்சான் கந்தசாமிக்கு,

கம்பெனியில் எட்டரை மணிச் சங்கு இப்போதுதான் ஊதி அடங்கியது. இந்த நினைப்போடு கத்தரியைப் பிடித்தால் டஜன் கணக்கில் பனியன் பாழாகும் என்று, உடம்பு சரியில்லை எனச் சொல்லி லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நம் ஊரில் எட்டரை என்றால் இங்கிலாந்தில் காலை மூன்று மணியாம். இந்த நேரம் உன் மகள் வசந்தா அங்கே ஒரு மலையில், இருட்டுக்குள், நடக்கத் தொடங்கியிருப்பாள். அந்த மூன்று மணியைக் குறித்துக் கொடுத்தவன் நான்தான்.

பயமாக இருக்கிறது, மச்சான். நாலு பேர் முன்னால் உன்னை 'வாங்க, போங்க' என்று பேசினாலும், நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது 'நீ, வா' தானே? அந்த உரிமையில் சொல்கிறேன்.

நீ போனபோது அவளுக்கு ஒன்பது வயது. ஏற்கெனவே தாயில்லாத பிள்ளை. உன் தங்கச்சி சரசுதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பதினாலு வருஷம் எங்களோடு இருந்தாள். நர்ஸ் படிப்புப் படித்தாள். போன தை மாதம் ஒரு டாக்டர் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தோம். ஆவணியில் அவரோடு விமானம் ஏறிவிட்டாள். மாப்பிள்ளை தங்கமானவர். உன் மகள் போட்ட கோட்டைத் தாண்டமாட்டார். இப்போது எனக்கு அதுவும் பயமாக இருக்கிறது.

புரட்டாசியில் ஒரு தடித்த கவர் வந்தது. உள்ளே கடிதமும், மடிக்க மடிக்க மாளாத ஒரு பெரிய மேப்பும். அங்கே லீவு விட்டால் ஜனங்கள் மலைக்கும் காட்டுக்கும் போய் நாள் கணக்கில் நடக்கிறார்களாம். மாலையில் ஏதாவது ஒரு கிராமத்து விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் திரும்பவும் நடப்பார்களாம். ஐப்பசிக் கடைசியில் மாப்பிள்ளைக்கு நாலு நாள் லீவு. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு கிளம்பப் போகிறோம் என்று எழுதியிருந்தாள்.

நான் கடிதத்தை உரக்கப் படித்தேன். சரசு அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அந்த மலைக்கு மேல என்ன சாமிங்க இருக்குது?"

"சாமியெல்லாம் ஒண்ணும் இல்லையாம், சரசு."

"அப்புறம் எதுக்குங்க நடக்கறாங்க?"

"சும்மா நடக்கறாங்களாமா."

"வேண்டுதல் கீண்டுதல் ஒண்ணும் இல்லாமயா? காலுக்கு வந்த கேடு!" என்று மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

கடிதத்தின் கடைசியில்தான் எனக்குத் தலை கிறுகிறுத்தது. 'மாமா, பங்குனி உத்திரத்துக்கு நம்ம கம்பெனிக் குழு பழனிக்கு நடக்கறப்போ நீங்க போடற மாதிரியே எங்களுக்கும் ஒரு திட்டம் போட்டுக் குடுங்க. எத்தனை மணிக்குக் கிளம்பறது, எங்க தங்கறது, எல்லாம் நீங்க சொன்னாத்தான் எனக்குத் தைரியம்' என்று எழுதியிருந்தாள். நீ போன வருஷத்துக்கு அப்புறம் குழுவின் திட்டத்தை நான்தான் போடுகிறேன், மச்சான். பதினாலு வருஷத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. சீமைக்கே திட்டம் போடுகிறோம் என்றதும் கால் தரையில் பாவவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனியில் துணி வெட்டும் மேசை மேல் மேப்பை விரித்தேன். நாலு மூலைக்கும் இரும்புக் கட்டி வைத்தேன். பனியன் நூலை எடுத்து, அவர்கள் போகிற தடத்தின் மேல் வளைவு வளைவாகப் படிய வைத்து, பிறகு நீட்டி மைல் கணக்குப் பார்த்தேன். பழனிப் பாதைக்கு நான் செய்கிற அதே வேலை. முதல் நாள், காலை மூன்று மணிக்குப் புறப்பாடு. பத்து மணிக்குள் முதல் தங்கல். பத்திலிருந்து நாலு வரை ஒருவரும் வெயிலில் அடி எடுத்து வைக்கக் கூடாது. நாலு மணிக்கு மறுபடி புறப்பட்டு ஒன்பது வரை நடக்கலாம். வழியில் தோட்டத்து வீடுகளில் மோர் கேட்டு வாங்கிக் குடிக்கவும். தலையில் ஈரத்துண்டு அவசியம். எல்லோருக்கும் பின்னால் பொறுப்பான ஓர் ஆள் நடக்க வேண்டும், யாரும் விட்டுப்போகாதபடிக்கு.

சிரிக்கிறாயா? நானும் சிரித்திருப்பேன், வேறு எவனாவது எழுதியிருந்தால்.

இந்தத் திங்கள்கிழமை அவளிடமிருந்து பதில் வந்தது. 'மாமா, நீங்க போட்ட நேரத்தைப் பார்த்துட்டுக் கூட வர்ற பொண்ணுங்க சிரிக்கறாங்க. அவருகூட வேண்டாம்னு பார்த்தாரு. நான் விடலை. எங்க மாமா போட்ட நேரத்துல கெளம்பினா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லீட்டேன். டார்ச் வாங்கியாச்சு. வியாழக்கெழமை மூணு மணிக்குக் கெளம்பறோம். எங்கப்பா மாதிரி நாந்தான் கடைசியில நடக்கப் போறேன்.' அதற்கு முந்தின ராத்திரி மலையடிவாரத்தில் தங்குகிற விடுதியின் விலாசமும் எழுதியிருந்தாள். படித்துவிட்டு நான் மீசையைத் தடவிக்கொண்டேன் என்றால் நீ நம்புவாய்.

மறுநாள் முதலாளி மகன் மோகன் என் மேசைக்கு வந்தார். பனியன் மிஷின் படிப்புக்காக இரண்டு வருஷம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்த பிள்ளை. மேசையில் கிடந்த திட்டத்தின் நகலை எடுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க மாஸ்டர், இது எந்த மாசத்துக்குங்க?"

"இந்த வியாழக்கெழமைக்குங்க, தம்பி. நம்ம வசந்தா போகுது."

முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"மாஸ்டருங்க, அங்க இந்த மாசத்துல காலைல ஏழு மணியாகாம விடியாதுங்க. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிக்கும். நீங்க போட்டிருக்கற நேரம் முச்சூடும் இருட்டுங்க."

"அப்ப வெயில்?"

"வெயிலுங்களா? அங்க வெயில் வராதான்னு ஏங்கிட்டுக் கெடக்கறாங்க. மலைல பனி எறங்குச்சுன்னா முன்னால போறவன் முதுகு தெரியாது. ஒரு தப்படி மாத்தி வெச்சா சேறோ பள்ளமோ, தேடிக் கண்டுபிடிக்கறதே பெரும்பாடுங்க. கடைசியில நடக்கறவன் நின்னுட்டாக்கூட முன்னால போறவனுக்குத் தெரியாது."

கடைசியில் நடப்பவள் யார் என்று அவருக்குத் தெரியாது, மச்சான். வசந்தாதான் என்று சொன்னேன்.

தபாலாபீசுக்கு அவர்தான் காரில் கூட்டிப் போனார். கடிதம் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தந்தி ஒன்றுதான் வழி. "சுருக்கமாச் சொல்லுங்க மாஸ்டர், நான் இங்கிலீஷ்ல எழுதறேன்" என்றார். இருட்டில் நடக்காதே என்று சொன்னேன். எழுதினார். "அப்ப எப்பத்தான் நடக்கறது, அதையும் சொல்லோணுமில்லீங்க?" என்றார். பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். அவர் பேனாவோடு என்னையே பார்த்தார். கடைசியில் சொன்னேன். "வெயில்ல நடன்னு எழுதுங்க, தம்பி."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நீ கேட்டாயா?

ஆஸ்பத்திரி விலாசத்துக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று என இரண்டு தந்தி கொடுத்தோம். செவ்வாய் போய், புதன் போய், இன்று வியாழன். பதில் இல்லை. சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். பால்காரர் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார். சரசுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "வயித்தால போகுதுங்களா?" என்று கேட்டுக் கேட்டுக் கஷாயம் காய்ச்சித் தருகிறாள், குடித்துத் தொலைக்கிறேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு மட்டும் வெளுத்ததெல்லாம் பேய். அது ஏன் என்று நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இன்று எழுதிவிடுகிறேன்.

அந்தப் பங்குனியில் நாம் தாராபுரத்தில் தங்கியிருந்தோம். காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். என் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். நீ வந்து எழுப்பினாய். இன்னும் அரை மணி நேரம், மச்சான், என்றேன். மறுபடி எழுப்பினாய். மறுபடி அரை மணி நேரம். இப்படியே விடிந்துவிட்டது. என்னை விட்டுவிட்டு நீ போயிருக்கலாம். கடைசி ஆள் யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது உன் சட்டம். எல்லோரும் ஏன் தாமதம் என்று கேட்டபோது, "மூட்டை வண்டி அச்சு மொறிஞ்சு போச்சுங்க, ஆசாரி வந்துட்டிருக்காரு" என்று நீ சொன்னது எனக்குப் படுத்த இடத்திலிருந்தே கேட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது மணி ஒன்பது. முறிந்ததாகச் சொன்ன அந்த வண்டியில்தான் நான் உட்கார்ந்து வந்தேன். நீ பின்னால், யாரோ ஒரு கிழவியின் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாய். உச்சி வெயில். அடுத்த புளியமரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விழுந்தாய். நான் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தபோது உன் கை தார்ச்சாலையில் கிடந்தது. அதைத் தொட்டபோது எனக்குச் சுட்டது.

வெயிலால் செத்தான் என்றுதான் ஊர் சொல்கிறது. அச்சு முறிந்ததால் வந்த வினை என்று சரசு இன்றும் சொல்லி அழுகிறாள். அன்றிலிருந்து நான் போடும் ஒவ்வொரு திட்டத்திலும் மூன்று மணி, மூன்று மணி என்று எழுதுகிறேன். உன்னைக் கொன்ற வெயிலிடமிருந்து உன் மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வெயிலே இல்லாத ஊரில் அவளை இருட்டுக்குள் அனுப்பிவிட்டேனே. உன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

வெள்ளிக்கிழமை. நேற்று முழுவதும் தகவல் இல்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தேன். இன்று எட்டரை மணிச் சங்கு ஊதியபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். இரண்டாம் நாள் புறப்பாடும் மூன்று மணிக்குத்தான் போட்டிருக்கிறேன்.

பதினோரு மணி இருக்கும். தந்திக்காரர் வந்தார். நம் ஊரில் தந்தி என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். சரசு அவரைப் பார்த்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்து, "அய்யோ, என்ற கண்ணு!" என்று கத்தினாள். கவரைப் பிரித்தேன். எழுத்துகள் எல்லாம் எறும்பாக ஓடின. தந்திக்காரரிடமே நீட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து, தமிழில் சொன்னார்.

"இன்னும் வெயில் வரலை. விடுதியிலயே காத்துட்டிருக்கோம். வசந்தான்னு போட்டிருக்குதுங்க."

மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

புரிகிறதா, மச்சான்? மாமா வெயிலில் நடக்கச் சொன்னார் என்று, உன் மகள் வெளியே அடி எடுத்து வைக்காமல், வராத வெயிலுக்காக நாலு பேரையும் விடுதியில் உட்கார வைத்திருக்கிறாள். நாலு நாளும் வராவிட்டால் நாலு நாளும் உட்கார்ந்திருப்பாள். நான் சிரித்தேன். சிரிப்பு எங்கேயோ போய் அழுகையில் முட்டியது. தந்திக்காரர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனார்.

எனக்குப் பயம் இன்னும் தீரவில்லை. என் வார்த்தையை இவ்வளவு நம்புகிற ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்பதே பயமாக இருக்கிறது. ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்துகொண்டு இனி அவளுக்கு ஒரு வரி எழுத என்னால் ஆகாது.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற பங்குனிக்குக் குழு கூடும்போது இந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசிப்பேன். வசந்தாவுக்கும் ஒரு நகல் போகும். இந்த முறை வண்டியில் ஏறமாட்டேன். கொப்புளம் வந்தாலும் கடைசி ஆளாக நான்தான் நடப்பேன். அதற்கெல்லாம் முன்னால் சரசுவிடம் சொல்ல வேண்டும். முற்றத்தில் தந்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நல்ல வெயில். இதோ எழுந்து, அந்த வெயிலிலேயே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்றைக்கு வண்டி அச்சு முறியவே இல்லை என்று சொல்லப் போகிறேன்.

உன் தங்கச்சிக்குப் புருஷனும், உன் மகளுக்கு மாமனுமான,
சின்னச்சாமி