சந்திரிகா ஊசி பிடித்த பிறகு

ஜூன் 1, 2025, ஞாயிறு

வடை பாதிக்கு மேல் மிச்சம். மழை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் காரணம் மழை இல்லை. கடையில் நான் தனியாக நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வடை தட்டுவது என் பெண்டாட்டி சந்திரிகா. எண்ணெயில் போடுவதும் வாயடிப்பதும் நான். இப்போது ஞாயிறு மதியமானால் எங்கள் ஃப்ளாட்டின் கீழ் மண்டபத்துக்குக் கம்பளி நூல் பின்னப் போய்விடுகிறாள். அங்கே சபூரா அக்கா என்று ஒரு மலாய்க்காரர் சொல்லிக் கொடுக்கிறாராம்.

பினாங்கு வெயிலில் கம்பளி!

"ஏன்டி, நம்ம கொடிமலை உச்சியில பனி கொட்டுதா?" என்று கேட்டேன். இதற்கெல்லாம் எப்போதும் ஒரு சிரிப்பாவது கிடைக்கும்.

"இருங்க, கண்ணி எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

கடைக்கு வந்தவர்கள் "அக்கா எங்கண்ணே?" என்று கேட்டார்கள். "வேற ஆள் பார்த்துக்கிட்டா லா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூன் 3, செவ்வாய்

வேறு ஆள் நிஜமாகவே இருக்கிறான்!

பெயர் வில்லியம். மூன்றாவது மாடி. ஆபீஸில் கணக்கெழுதி ரிட்டயர் ஆன கிராணி. மனைவி தவறிவிட்டாராம். ஆம்பளை ஊசி வைத்துப் பின்னுகிறான். சோறு போட்டுக்கொண்டே சந்திரிகா சொல்கிறாள், "வில்லியம் அண்ணன் காலுறைக்குக் குதிகால் பின்றத நீங்க பார்க்கணும். அவ்ளோ அழகு."

குதிகால் அழகாம். எனக்கும் இரண்டு குதிகால் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சட்டையெல்லாம் அயன் பண்ணித்தான் போடுவாரோ?"

"ஆமா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா இல்லை.

ஜூன் 5, வியாழன்

யாருக்காகப் பின்னுகிறாள் என்று இன்று கேட்டுவிட்டேன். சாம்பல் நிறத்தில் நீளமாக வளர்ந்துகொண்டே போகிறது.

"யாருக்கும் இல்ல" என்றாள்.

எனக்கு என்றால் சந்தோஷப்படுவேன். வில்லியமுக்கு என்றால் சண்டை போடலாம். யாருக்குமே இல்லை என்றால் நான் யாரோடு மல்லுக்கட்டுவது?

ஜூன் 8, ஞாயிறு

கடையைப் பக்கத்துப் பழக்கடை ஹஸ்ருலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போனேன். வேவு பார்க்கத்தான். எனக்கு நானே என்ன மறைப்பது?

தூண் பக்கம் நின்று பார்த்தேன். ஏழெட்டுப் பெண்கள், நடுவில் அந்த அயன் சட்டை. சந்திரிகா அவர் பக்கத்து நாற்காலியில். இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். அப்படி இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பேசவே இல்லை! தலையைக் குனிந்து, கை மட்டும் ஓட, சும்மா இருந்தார்கள். நெடுநேரம். அப்புறம் சந்திரிகா ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவர் நிமிரவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவளும் நிமிரவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தாள்.

என்னோடு அவள் அப்படி ஒரு நாளும் சும்மா இருந்ததில்லையே. நான் விட்டால்தானே?

சபூரா அக்கா என்னைப் பார்த்துவிட்டார். அண்ணன்மார் எல்லாரும் அவருக்கு அபாங்தான். "அபாங், வாங்க, நீங்களும் பின்னலாம்!"

"ஆம்பள பின்னுவானா?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வில்லியம் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அது வேறு எரிச்சல்.

ஜூன் 11, புதன்

காலையில் சிங்க் அடைத்துக்கொண்டது. உளுந்துத் தோல். குத்திவிட நீளமாக ஒரு கம்பி தேடினேன். நாற்காலியில் அவள் பின்னல் கிடந்தது. ஊசியை உருவிக் குத்தினேன். அடைப்பு போய்விட்டது. பின்னலும் போய்விட்டது.

"கண்ணுல படலடி" என்றேன்.

பட்டது. கண்ணி கண்ணியாக ஊசியில் தொங்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உருவினேன்.

ஜூன் 12, வியாழன்

திட்டுவாள் என்று இருந்தேன். திட்டினால் கிண்டல் பண்ணலாம், அப்புறம் சிரிப்பாள், முடிந்துவிடும். அவளோ நழுவின கண்ணிகளைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு முனையை இழுத்தாள். அவ்வளவு நாள் பின்னியது கரகரவென்று பிரிந்து மடியில் குவிந்தது.

"ஐயோ, ஏன் எல்லாத்தையும்?"

"பிரிச்சா என்ன? நூல் அப்படியே தானே இருக்கு. திரும்பப் பின்னிக்கலாம்."

எண்ணெயில் போட்ட வடையை மாவாக்க முடியுமா? சொன்ன வார்த்தையை? இவள் கையில் பிடித்திருப்பது பிரித்துத் திரும்பத் தொடங்கக்கூடிய வேறு ஏதோ ஒன்று. எனக்கு இப்போதுதான் லேசாகத் தெரிகிறது. தெரிந்ததும் இன்னும் பொறாமை.

ஜூன் 13, வெள்ளி

இன்றும் அவளுக்குக் கோபம் இல்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

கடைக்கு லீவு விட்டேன். அவளும் மண்டபத்துக்குப் போகவில்லை. பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கிறது, அலசிக் காயவைத்துச் சுற்ற வேண்டுமாம். "கையை நீட்டுங்க" என்றாள். என் இரண்டு கையிலும் நூலை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள். எனக்குக் கை ஆட்டாமல் பேச வராது. வாய் தானாக மூடிக்கொண்டது.

அவள் உருண்டையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நம்ம காமினி பாலம் தாண்டி பத்து காவானுக்குக் குடி போனப்ப எனக்கு வீட்டுல இருக்கவே முடியல. உங்ககிட்ட சொல்ல வந்தேன். ஒரு தட்டு கழுவுற வேலை மிச்சம்னீங்க. நான் சிரிச்சிட்டேன்."

"உன்னச் சிரிக்க வைக்கத்தானே…"

"தெரியும். நல்ல மனசுலதான் சொல்றீங்க. ஆனா சிரிச்சப்புறம் சொல்ல வந்தது உள்ளயே நின்னுருது. அங்க எல்லார் கண்ணும் கையில இருக்கு. யாரும் பதில் சொல்ல அவசரப்படறதில்ல. பாதியில நிறுத்தினாலும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அதான் போறேன்."

எங்கள் பெண்ணைப் பற்றி, முன்பின் தெரியாத மூன்றாவது மாடிக்காரரிடம்! தொண்டை வரை வந்தது. கை இரண்டும் நூலில் இருந்தது.

"ஊசிய வேணும்னுதான் உருவினேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

மதியம் அவள் கிளம்பினாள். நான் தனியாகக் கடை போட்டேன். அக்கா எங்கே என்று கேட்டவர்களிடம் பின்னப் போயிருக்கிறாள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அது பரவாயில்லை.

சாயங்காலம் நேரே கடைக்கு வந்து, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று ஒரு வடையை எடுத்துக்கொண்டாள். கூட்டம் இல்லை. காமினி போன வாரம் போனில் அழுததாகச் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு இன்றுதான் தெரியும். வில்லியமுக்குப் போன ஞாயிறே தெரிந்திருக்கும்… இல்லை, போன ஞாயிறு அவள் என்னோடுதான் இருந்தாள். சரி, இன்று மதியம் சொல்லியிருப்பாள். எனக்கு முன்னால். எரியத்தான் செய்கிறது.

நடுவில் ஒரு நல்ல கிண்டல் வாய்க்கு வந்தது. அற்புதமான கிண்டல். ஒரு வடையைக் கடித்து அதோடு சேர்த்து முழுங்கினேன்.

அவள் நிறுத்திவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன் சும்மா நிக்கிறீங்க? காய்ச்சலா?"

"இல்ல. நீ சொல்லு."

சொன்னாள்.