உன் பாதம் பட்ட இடுப்பு

என் செல்ல அக்காவுக்கு,

நீ போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் உன் தங்கை இடுப்பொடிந்து கிடக்கிறேன். உன் மகள் ரேவதிக்கு ஏழு வயதாகிவிட்டது. கால் இன்னும் தரையில் ஊன்றவில்லை. தூக்கித்தான் குளிப்பாட்ட வேண்டும், தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். போன மாதம் அப்படித் தூக்கும்போது இடுப்பில் சுருக்கென்றது. அன்றிலிருந்து செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை.

நீ இருந்திருந்தால் குப்புறப் படுக்கச் சொல்லி மூன்று மிதி மிதித்திருப்பாய். தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்தவள் அல்லவா நீ! அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்பு வலி ஓடிவிடும் என்பார்களே. "கால் முன்னால பொறந்த அக்கா வீடு இதுதானா?" என்று கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை ஊர் லோரிக்காரர்கள்கூட ஃபெர்ரி ஏறி நம் ஃப்ளாட்டுக்கு வருவார்களே. அந்த நினைப்பில் நானும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், உன்னைப் போல் பிறந்த ஒரு கடைக்காரரைத் தேடிப் பிடித்தேன். ஆள் நல்ல கனம். வலி தொடைவரை இறங்கியதுதான் மிச்சம்.

பிறகுதான் பெரியாஸ்பத்திரி. அங்கே பயிற்சி சொல்லித்தரும் பெண் கட்டைவிரலால் முதுகெலும்பை ஒட்டி அழுத்தி அழுத்தி இறுக்கத்தை இளக்கினாள். "என் கை இன்னைக்கு மட்டும்தான்லா அக்கா. மல்லாந்து படுத்து, முட்டிய மடக்கி, இடுப்ப மெதுவா தூக்கி எறக்குங்க. வீட்ல தினமும் செஞ்சாதான் வலி நிக்கும்," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறேன். எப்போது சரியாகும்? யாரும் நாள் சொல்வதில்லை.

அத்தான் உன் கருமாதிக்கு வந்ததோடு சரி, பெற்ற மகளை எட்டிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் நேற்று சொல்லிவிட்டார்: "இந்த மாதிரிப் பிள்ளைங்களப் பாத்துக்கிற ஹோம்ல விட்ருவோம்லா. நீயும் விழுந்துட்டா ரெண்டு பேரையும் யாரு பாக்குறது?" கெட்ட மனிதரில்லை அக்கா, பயந்துவிட்டார். ஆனால் அவளை எப்படி அனுப்புவேன்? என் கையில்தானே பிடித்துக் கொடுத்தாய்?

இன்று காலை பாய் விரித்துப் பயிற்சி செய்து, முடியாமல் குப்புறக் கிடந்து அழுதேன். பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்த ரேவதி, "சித்தி, நானும் கால் முன்னாலதானே பொறந்தேன்? அம்மா மாதிரி மிதிக்கவா?" என்றாள். தன் காலை இரண்டு கையாலும் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். எடையே இல்லை அக்கா. எடுத்து எடுத்து மூன்று முறை வைத்தாள்.

"வலி போச்சா சித்தி?"

"போச்சுடி தங்கம்," என்றேன்.

போகவில்லை. ஆனால் அவளிடம் சொன்ன அந்தப் பொய்யை நான் மெய்யாக்கியே தீருவேன். பயிற்சியை விடமாட்டேன். அவளையும் விடமாட்டேன்.

உன் மகளைத் தூக்கக் கை நீட்டி நிற்கும்,
உன் தங்கச்சி