அவசரமில்லாத அழைப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் லேட். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் நான் போய் உட்காரும்வரை முந்தைய ஷிப்ட் பெண் ஹெட்போனைக் கழற்ற முடியாது. அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. எல்லாம் என் மகள் வாலுவால். ஒரு ஷூவைக் காணோம் என்று காலையில் வீட்டையே ரெண்டாக்கிவிட்டாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கிடந்தது. எப்படிப் போச்சு என்றால், "அதுவா போச்சு" என்கிறாள். வயசு ஏழு, வாய் எழுபது.

ஷிப்ட் சூப்பர்வைசர் இடம் காலியாகிறது. எங்கள் மேலதிகாரி மேடம் என் பெயரைக் கொடுத்திருக்கிறாராம். லாரியில் எங்கோ போய்க்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குச் சொன்னேன். சந்தோஷம்தான், ஆனா வாலு? என்றார். அந்த 'ஆனா'வை எப்போதும் நானேதான் சுமக்கணுமா?

மார்ச் 6, வியாழன்

மானம் போச்சு.

நாலு மணிவாக்கில் பக்கத்து சீட்டு அக்கா ஒரு அழைப்பை எடுத்தவர், திரும்பி என்னைப் பார்த்தார். வாலு! வேலை நேரத்தில் எங்கள் சொந்த போன்களை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அம்மா கட்டாயம் எடுக்கிற நம்பர் வேறொன்று இருக்கிறதே என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள். நானே மனப்பாடம் பண்ணவைத்த அவசர நம்பர். "அவசரமெல்லாம் இல்ல ஆன்ட்டி, எங்கம்மாகிட்ட குடுங்க. பல்லு விழுந்துடுச்சு."

அறையே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஓர் உயிர் லைன் கிடைக்காமல் தவித்திருந்தால் என்று கேட்டார். இன்னொரு தடவை நடந்தால் என் பெயரைத் தானே எடுத்துவிடுவாராம். அவர் சொன்னது நியாயம். அதனால்தான் இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்துவிட்டேன். விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்துக் கையில் வைத்தபடியே நின்றாள். "என்ன ஆனாலும் இனிமே அந்த நம்பருக்குப் பண்ண மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணு" என்றேன். என் தலையில் கைவைத்துச் செய்தாள். புள்ளைய ஏம்மா வதைக்கிற என்று என் அப்பா குறுக்கே வந்தார். பள்ளி விட்டதும் அவளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அவரையும் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

பல்லை எங்கே வைத்தாளோ. கேட்க முகமில்லை.

மார்ச் 12, புதன்

நேர்காணல் நன்றாகவே போனது. குடும்பப் பொறுப்பு இடைஞ்சலாக இருக்குமா என்று கேட்டார்கள். இருக்காது என்றேன். வேறென்ன சொல்ல? ஆம்பிளைகளையும் கேட்பார்களா இதை?

மார்ச் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தா. எழுதலைன்னா பைத்தியம் பிடிச்சிடும்.

சாயங்காலம் கதவைத் திறந்தால் அப்பா சமையலறைத் தரையில். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. தலைக்கடியில் வாலுவின் தலையணை, மேலே அவளுடைய போர்வை. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். பள்ளியிலிருந்து வந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறாள். பக்கத்து வீடு பூட்டியிருந்ததாம். என் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்திருக்கிறாள். லாக்கரைத் திறந்தபோது அந்த அழைப்புகளைப் பார்த்தேனே நான். பார்த்தேன். இன்னொரு பல் விழுந்திருக்கும்னு நினைச்சேன்.

அவசர நம்பருக்கு அடித்தேன். அக்காதான் எடுத்தார். முகவரி கேட்டார். இத்தனை வருஷமாக ஊரையெல்லாம் நான் கேட்கிற கேள்வி — என் வீட்டுக் கதவு நம்பர் எனக்கு வாயில் வரல. வாலுதான் சொன்னாள்.

வண்டியில் போகும்போது, ஏன்டா கண்ணு அங்க பண்ணல என்று கேட்டேன்.

"பண்ணா நீ செத்துருவியே. உன் மேலதானே சத்தியம் பண்ணேன்."

நான் என்ன பண்ணிட்டேன். ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்.

மார்ச் 20, வியாழன்

கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா, என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அது வாலு காதில் விழாமல் இருக்கணும். என்றைக்குமே.

ஏப்ரல் 23, புதன்

சூப்பர்வைசராகி மூன்றாம் நாள். பதவி எனக்குத்தான் என்று தெரிந்ததுமே, வேண்டாம் என்று சொல்லத்தான் மேடத்திடம் போனேன். சூப்பர்வைசர் மட்டும் போனைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்த ஒன்றுக்காகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அப்பாவுக்கு வலது கை இன்னும் எழவில்லை. பேச்சும் குழறுகிறது. வீட்டுக்காரர் லாரியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். எவ்வளவு நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சத்தியம் செல்லாது, அம்மாவை எப்ப வேணா கூப்பிடலாம் என்று வாலுவிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. ம் என்கிறாள்.

போன் என் மேசைமேலேயே இருக்கிறது. அடிக்கவில்லை. மதியம் பொறுக்காமல் நானே வீட்டுக்குப் பண்ணினேன். பள்ளி லீவு, வாலுதான் எடுத்தாள்.

"யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சாம்மா?"

இல்லடா, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.

"அப்ப சரிம்மா. நீ வேலையப் பாரு."

வைத்துவிட்டாள்.