நத்தை மரமேறாத நாள்

மாதா துணை

புன்னக்காயல்
1912, கார்த்திகை

அன்பு மகள் பவுலினுக்கு அப்பா எழுதுவது. கொழும்பில் நீயும் மருமகனும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அப்படி எழுதக் கை வரவில்லை. உன் தம்பி மத்தியாசுக்குக் கண் போய்விட்டது மகளே. மழை விடாமல் அடித்த வாரத்தில் ஆற்றங்கரைக் கிட்டங்கி நிறையச் சுட்ட சுண்ணாம்பு மூட்டை கிடந்தது, மேட்டுக்கு ஏற்றிவிடலாமா என்று அவன் கேட்டான். நான் நம் வழக்கப்படி உப்பங்கழிக்குப் போய்க் கண்டல் மரங்களைப் பார்த்தேன். தண்ணீர் ஏறுகிற நாளில் நத்தை முந்திக்கொண்டு மரத்தில் ஏறிவிடும், அதைப் பார்த்துத்தானே நாம் சரக்கை நகர்த்துவோம். அன்றைக்கு எல்லாம் வேரடிச் சேற்றில் கிடந்தன, வீணாக வண்டி பிடிக்காதே என்று சொல்லிவிட்டேன். நத்தைக்குக் கடலைத் தெரியும், மலையில் பெய்தது அதற்கு எப்படித் தெரியும். சாயங்காலம் ஆறு பின்பக்கமாக வந்து கிட்டங்கிக்குள் நுழைந்தது. தண்ணீர் பட்டதும் சுண்ணாம்பு கொதித்தது. போகாதே என்று கத்தினேன், மேல் மூட்டையையாவது இழுத்துவிடுகிறேன் என்று போனவன் முகத்தில் தெறித்துவிட்டது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் காட்டிக் கூட்டி வந்தோம், ஒரு கண் அவிந்துவிட்டது என்கிறார்கள், மற்றதில் வெளிச்சம் தெரிந்தால் உண்டு. அவனுக்குப் பெண் தருவதாயிருந்த மணப்பாட்டுச் சம்பந்தக்காரர் வந்து விசாரித்தார், கல்யாணப் பேச்சை எடுக்காமலே எழுந்து போனார். அவர்மேல் குறையில்லை, நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அம்மா அவனுக்கு ஊட்டிவிட்டுத் தான் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறாள். அவன் என்னை ஏசியிருந்தால் தாங்கிக்கொள்வேன். "நத்தையப் பாத்துட்டுத்தானப்பா சொன்னிய, நீங்க என்ன செய்வீய" என்கிறான். நீ வயிற்றுப் பிள்ளையோடு கப்பல் ஏறாதே, வந்து அழுது ஆவதொன்றுமில்லை. அங்கே கண் வைத்தியர் உண்டா என்று மருமகனை விசாரிக்கச் சொல்.

ஆற்றுத் தண்ணீர் புகுந்ததில் உப்பங்கழி நத்தை முழுக்கச் செத்து, ஓடு கரையெங்கும் குவிந்து கிடக்கிறது. ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் நம் காளவாய்க்கு இனி நெடுநாள் சேகரிக்கவே வேண்டாம். நேற்று அவனைக் கைபிடித்து அந்தப் பக்கம் நடத்திப் போனேன். காலடியில் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டு நின்றான். "சரக்கு நெறைய கெடக்கு போலயே, அள்ளச் சொல்லலியா" என்றான். நாளைக்குச் சொல்லுதேன்லே என்றேன். யாருக்காக அள்ள.

உன் வயிற்றுப் பிள்ளையை மாதா காக்கட்டும். வைத்தியர் விஷயம் மறவாதே, இல்லையென்றாலும் இல்லையென்றே எழுது.

உன் அப்பா
அம்புரோஸ் பர்னாந்து