மாலைக்குள் அப்பா முகம்

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து செங்குட்டுவன். நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

இங்கே ரூமில் எட்டுப் பேரும் போனில் கற்பனைக் கிரிக்கெட் அணி வைத்து விளையாடுகிறோம். என் அணிக்கு 'நெய்வேலி மைன்ஸ் லெவன்' என்று பெயர் வைத்து, அப்பா ஹெல்மெட்டோடு நிற்கும் படத்தை லோகோவாகப் போட்டிருந்தேன். தோற்ற அணியின் லோகோவுக்கு மாலை போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று குரூப்பில் அனுப்புவது எங்கள் வழக்கம். நேற்று நான் தோற்றேன்.

"வெளையாட்டுக்குத்தான் பண்ணேன், இதுக்குப் போயி ஏன்டா நடுங்குற?" என்கிறான், அந்த மாலையைப் போட்ட ரூம் நண்பன் இளம்பரிதி.

லோகோவை உடனே மாற்றிவிட்டேன். போன் செய்தால் அப்பாவும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை; அதனால்தான் இதை மெசேஜில் எழுதுகிறேன். அவர் ஷிஃப்டில் இருப்பார், நீ ரேஷன் கடையில் நிற்பாய்.

டூட்டி வண்டி வந்துவிட்டது. அப்பா வந்து சாப்பிடும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு. எதற்கென்று அவரிடம் சொல்லாதே. கண் மூடியிருந்தால் இன்னொன்று எடு.