கடைசித் தட்டு வரைக்கும்

நயினாரே,

காலையில் கடைக்கு வசம்பு வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் கல்லாப் பக்கம் முழுக்க அந்த வாசனை. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது துணிக்கடையா நாட்டு மருந்துக் கடையா மாமா?" என்றாள். ஒரு காலத்தில் உங்களை நான் கேட்ட அதே கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிக்க முடியவில்லை. உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பத்தொன்பதில் பெரிய கடை வேலையை உதறிவிட்டு, மாட வீதியிலிருந்து பிரியும் சந்தில் நாம் இருவரும் சொந்தமாக ஜவுளிக்கடை போட்டோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினால் முழங்கை இடிக்கும். நீங்கள் போளூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம், அதனால் எனக்கு நயினார். உங்களுக்கு நான் பார்ட்னர். கடைசிவரை என் பெயரை நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

கடை திறப்பதற்கு முன்பே நீங்கள் போட்ட முதல் நிபந்தனை, பட்டு விற்கக் கூடாது.

"புழுவைக் கொதிக்கிற தண்ணில போட்டு எடுக்கறது நமக்கு எதுக்கு பார்ட்னரே? நூல் சேலையும் வேட்டியும் போதும்."

"கல்யாண வீட்டுக்காரங்க வந்து நின்னா?"

"எதிர்க்கடையைக் காட்டிடலாம்."

காட்டியும் விட்டீர்கள். முதல் முகூர்த்த மாதத்திலேயே ஒரு குடும்பத்தைக் கையோடு அழைத்துப் போய் எதிர்க்கடையில் உட்கார வைத்துவிட்டு வந்தீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. நீங்களோ பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே என்று டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

இரண்டாவது நிபந்தனை, பூச்சி மருந்து கூடாது. துணிக்கடைக்காரன் பாச்சையோடும் ராமபாணப் பூச்சியோடும் சமாதானமாகப் போக முடியுமா? முடியும் என்றீர்கள். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்து துண்டும் வேட்டியுமாக அள்ளிக்கொண்டு போகும். அமாவாசை அன்று நம் சந்தில் ஈ ஓட்டுவோம். அந்த நாளை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். எல்லாத் தட்டிலிருந்தும் எல்லாத் துணிக் கட்டுகளையும் இறக்கி, ஒவ்வொரு துணியாகப் பிரித்து உதறி, பழைய மடிப்பு விழுந்த இடத்தில் மறுபடி மடிப்பு விழாமல் மடித்து, நடுவில் வசம்புத் துண்டு வைத்து ஏற்றுவீர்கள். உதறியதில் விழுந்த பூச்சியைப் பழைய செய்தித்தாளில் ஏந்திக்கொண்டுபோய்ப் பின்பக்கம் விடுவீர்கள்.

"அதுங்களுக்கும் ஒரு இருப்பு நோட்டு போட்டுடலாமா நயினாரே? வந்தது எத்தினி, போனது எத்தினினு?" என்று நான் சீண்டுவேன்.

"போடுங்க. நம்ம சரக்கைவிட அது ஜாஸ்தியாதான் ஓடுது" என்பீர்கள், முகம் மாறாமல்.

கேலி செய்தேனே தவிர, அதனால் வந்த லாபம் எனக்குத் தெரியாமல் இல்லை. எந்தத் தட்டில் எது இருக்கிறது, எந்தச் சேலையில் மடிப்பு வெளுக்கிறது, எந்தக் கரை மூன்று அமாவாசையாக நகரவில்லை என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. நோட்டில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் துணியின் நிலைமையையும் எழுதுவீர்கள். நகராத சரக்கு நான்காவது அமாவாசைக்குள் முன்வரிசைக்கு வந்து, விலை கொஞ்சம் குறைந்து, யாரோ ஒருவர் பையில் போய்விடும். ஊரில் எல்லாக் கடையிலும் தேங்கின சரக்கு மூட்டை மூட்டையாகக் கிடக்க, நம்மிடம் மட்டும் ஒரு கூடைகூடத் தேறாது.

பௌர்ணமிக் கூட்டம் பெருகியது. வேங்கிக்கால் பக்கம் ஒரு அறையைக் குடோனாக எடுத்தோம். அப்போதுதான் உங்கள் அம்மாவுக்கு முடியாமல் போய் நீங்கள் மூன்று மாதம் ஊரோடு இருக்க வேண்டி வந்தது. நான் தனி ராஜா. அச்சடித்த இருப்புப் புத்தகம் வாங்கினேன். அமாவாசைக்கு அமாவாசை இந்தக் கூத்து எதற்கு என்று குடோனில் ஆள் வைத்து மருந்து அடித்தேன். அது காய்வதற்குள் கட்டுகளைப் பாலித்தீனில் போட்டு இறுக்கி, மேலே எண்ணிக்கை எழுதி அடுக்கிவிட்டேன். இனி பிரிக்கவே வேண்டாம், புத்தகத்தைப் பார்த்தால் போதும் என்று பெருமை வேறு.

ஆடியில் அடி அண்ணாமலையிலிருந்து பெண்கள் வந்தார்கள். பால்குடம் எடுக்க ஒரே மாதிரி மஞ்சள் சேலை நாற்பத்தெட்டு வேண்டும். புத்தகத்தில் அறுபது இருந்தது. "இருக்குதும்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பால்குடத்துக்கு இரண்டு நாள் முன்பு அவர்கள் டிராக்டரில் வந்து இறங்க, அன்று காலைதான் நீங்களும் ஊரிலிருந்து திரும்பியிருந்தீர்கள். எல்லாருமாகக் குடோனுக்குப் போய்க் கட்டைப் பிரித்தோம். மடிப்புக்கு மடிப்பு கரும்புள்ளி. உள்ளே ஈரம் புழுங்கிப் பூசணம் பூத்திருந்தது. அறுபதில் தேறியது பத்தொன்பது.

"புக்குல இருக்குதுனு சொன்னீங்களேண்ணே!" என்றார் மூத்த அம்மா ஒருவர். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அழுகைதான் இருந்தது.

மில்லிலிருந்து வந்ததே அப்படித்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "தப்பு எங்களுதும்மா. தெறந்து பாக்காம சொல்லிட்டோம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேற மஞ்சள் கொண்டாந்து தரேன்."

அப்படியே ஈரோட்டுக்குப் பஸ் ஏறினீர்கள், மறுநாள் சொன்ன நேரத்துக்குச் சேலையோடு வந்து இறங்கினீர்கள். பால்குடம் நல்லபடியாக நடந்தது.

அதற்கப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. நீங்கள் குடோனுக்குப் போய், மூலையில் குவியலாகச் செத்துக் கிடந்த பூச்சிகளைக் காகிதத்தால் அள்ளிக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பிரிஞ்சுடலாம் பார்ட்னரே. எனக்கும் உங்களுக்கும் ஒத்துவராது."

நயினாரே, அன்று நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியது கடைக்காக என்று நினைத்திருப்பீர்கள். கடை போனால் இன்னொரு கடை. அமாவாசை அன்று எதிரே உட்கார்ந்து நான் வம்புக்கு இழுக்க, முகம் மாறாமல் பதில் சொல்ல வேறு யார் இருந்தார்கள் எனக்கு? காகிதத்தில் அள்ளியதை வெளியே கொட்டிவிட்டு வந்து, "நான் இருந்தாலும் இல்லாட்டியும் அமாவாசைக்குப் பிரிக்கணும். கடைசித் தட்டு வரைக்கும். சத்தியம் எல்லாம் வேணாம், சரினு சொல்லுங்க போதும்" என்றீர்கள். சரி என்றேன்.

பல வருஷம் அதைக் காப்பாற்றினேன், நீங்கள் பக்கத்தில் இருந்ததால். இரண்டாயிரத்துக்குப் பிறகு என் மகன் கம்ப்யூட்டர் வைத்தான். நீங்கள் அதைக் குறை சொல்லவில்லை. "எண்ணிக்கை நல்லாதான் சொல்லுது" என்றீர்கள். பிறகு உங்களுக்கு உடம்பு படுத்தது. நீங்கள் கடைக்கு வராத முதல் அமாவாசையை, தீபாவளிக் கூட்டம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்தது முட்டிவலி. மூன்றாவதற்குக் காரணம்கூடத் தேடவில்லை.

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்த அன்று கண்ணைத் திறந்ததும் கேட்டீர்கள். "அமாவாசை போச்சே. பிரிச்சீங்களா?"

"பிரிச்சாச்சு நயினாரே."

"கடைசித் தட்டு?"

"அதும் ஆச்சு."

என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். "எனக்குத் தெரியும்" என்றீர்கள்.

அங்கே என்னால் உட்கார முடியவில்லை. நேராகக் கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கட்டுகளை இறக்க ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் முடித்துவிட்டு மறுநாள் உங்களிடம் வந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். பதினொரு கட்டு பாக்கி இருக்கும்போது உங்கள் மகன் போன் செய்தான்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பதினொன்றையும் பிரித்தேன். கடைசித் தட்டில் ஒரு துண்டுக் கட்டு அடிவரை அரித்துப் போயிருந்தது. கம்ப்யூட்டர் முப்பத்தாறு இருக்கிறது என்றது. என் மகன் கேட்டதற்கு, எலி கடித்துவிட்டது என்று இன்னொரு பொய் சொன்னேன்.

ஆக, அன்று நான் பிரிக்கவில்லை நயினாரே. நீங்கள் என்னை நம்பிவிட்டுப் போனீர்கள். அதைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு அமாவாசையையும் விடவில்லை. நாளைக்கும் அமாவாசை. உட்கார்ந்து பிரிக்க எனக்கு இப்போது இரண்டு நாள் பிடிக்கிறது, அதனால் இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன், கடைசித் தட்டிலிருந்து.